சாளையும் ஒரு டிகிரியும் – கடிதம்

வணக்கம்.

சின்ன வயதில் எங்கள் வீட்டில் சாளை மீன் (மத்தி) இல்லாத நாளே கிடையாது. இப்போது சில வருடமாக அது வந்தால்தான் உண்டு. "அடித்தண்ணி குளிர்ந்து மேல வந்தாத்தான் சாளை வரும்" என்பார் தாத்தா. கடல் ஒரு டிகிரி சூடானதற்கெல்லாம் மீன் போய்விடுமா என்கிறான் தம்பி. யார் சொல்வது சரி?

ர., குளச்சல்

அன்புள்ள ர.,

தாத்தா சொல்வதுதான் சரி. அதை அவர் கடலில் கிடந்து கற்றிருக்கிறார்.

தென்மேற்குப் பருவத்தில் கேரளக் கரையை ஒட்டி வடமேற்கிலிருந்து காற்று அடிக்கிறது. பூமி சுழல்வதால் மேல்நீர் காற்றின் போக்கிலேயே போவதில்லை. அதற்கு வலப்பக்கமாக, அதாவது கரையை விட்டு ஆழ்கடல் பக்கம் ஒதுங்குகிறது. ஒதுங்கிய இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த நீர் ஏறி வருகிறது. உங்கள் பக்கத்துத் தென்முனையில் தொடங்கி வடக்கே பரவும் இது. அந்த நீரில் நைட்ரேட், பாஸ்பேட் எல்லாம் உண்டு. செத்து விழுந்தவை மக்கிச் சேர்ந்த உரம். வெயில் படும் இடத்துக்கு அது வந்ததும் டயாட்டம் என்னும் நுண்பாசி பெருகும். சாளை அதைத் தின்று கொழுக்கும்.

சரி, அந்த ஒரு டிகிரி? 1950களிலிருந்து இந்தியப் பெருங்கடலின் மேல்நீர் ஏறத்தாழ அவ்வளவு சூடாகியிருக்கிறது. குளிக்க விளாவும்போது பாருங்கள். பச்சைத் தண்ணீர்மேல் வெந்நீரை மெல்ல ஊற்றினால் அது மேலேயே நிற்கும், கைவிட்டுக் கலக்க வேண்டும். கடலில் அந்தக் கை, காற்று. மேல்நீர் சூடாகச் சூடாக லேசாகி மூடிபோலப் படுத்துக்கொள்கிறது. அதே காற்றுக்குப் பழைய அளவு உரத்தை மேலே கொண்டுவர முடிவதில்லை. மேற்கு இந்தியப் பெருங்கடலில் அறுபது ஆண்டுகளில் நுண்பாசி 20 சதவீதம் வரை குறைந்திருப்பதாக காலநிலை விஞ்ஞானி ராக்ஸி மாத்யூ கோல் குழுவினர் கணக்கிட்டார்கள். தம்பிக்கு இதைச் சொல்லுங்கள்: மீனைச் சூடு நேராகக் கொல்ல வேண்டியதில்லை, அதன் சோற்றைத் தடுத்தாலே போதும்.

கேரளத்தில் 2012இல் பிடிபட்ட சாளை ஏறக்குறைய 4 லட்சம் டன். 2021இல் 3,297 டன். இந்த எண்களை முதலில் பார்த்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் இதை 2015 எல் நினோவோடு, அதாவது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் நிகழ்வோடு, சேர்த்துப் பார்க்கிறது. ஆனால் எல்லாப் பழியையும் வெப்பத்தின் தலையில் போட எனக்கு மனம் வரவில்லை. 1940களிலும் சாளை இப்படி அற்றுப்போனது, அப்புறம் திரும்பி வந்தது. அன்று இத்தனை எஞ்சின் வள்ளங்களும், மீன்கூட்டத்தையே சுற்றி வளைக்கும் சுருக்குமடி வலைகளும் இல்லை. இரண்டு வருடம்போல் வாழும் மீன் இது. கடல் சரியாகக் கலங்காத ஆண்டில் குஞ்சையும் வழித்தெடுத்தால், அடுத்த ஆண்டு முட்டையிட எது மிஞ்சும்? பத்து சென்டிமீட்டருக்குக் குறைந்த சாளையைப் பிடிக்கக் கேரளத்தில் தடை உண்டு. அதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

தாத்தாவிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள். அவர் வாலிபத்தில் தண்ணீர் எந்த மாதம் குளிர ஆரம்பிக்கும், இப்போது எப்போது?