களிம்பு போட்டும் டிரக்கோமா ஏன் திரும்புகிறது?

கேள்வி: எங்கள் ஊரில் சிறு பிள்ளைகள் பலருக்குக் கண்ணில் பீளை தள்ளிக்கொண்டே இருக்கிறது. டிரக்கோமா என்னும் தொற்றுக் கண்நோய் என்று மருத்துவக் குழு சொன்னது. களிம்பு போட்டால் குறைகிறது, சில மாதங்களில் மறுபடி வருகிறது. என்ன செய்வது? (சுகாதாரத் தன்னார்வலர்)

பதில்: கண் நோகிற பிள்ளைக்கு மட்டும் மருந்து கொடுப்பதால்தான் திரும்ப வருகிறது. இதற்குக் காரணமான கிளமிடியா பாக்டீரியா, வெளியே நன்றாகத் தெரிகிற தம்பி தங்கைகளின் கண்ணிலும் இருக்கும். விரல், முகம் துடைத்த துணி, ஈ வழியாகக் குணமான கண்ணுக்கே மீண்டும் வந்து சேரும்.

டெட்ராசைக்ளின் 1% கண் களிம்பை நாளுக்கு இருமுறை 6 வாரம் போட வேண்டும். அதாவது 84 தடவை. எரிச்சலும் மங்கலும் தருவதை எந்தப் பிள்ளை அத்தனை முறை போடவிடும்? அதனால்தான் ஒரே வேளை விழுங்கும் பாக்டீரியாக்கொல்லி மருந்தான அசித்ரோமைசின்: உடல் எடையில் கிலோவுக்கு 20 மி.கி., அதிகபட்சம் 1 கிராம். முகாம்களில் எடைக்குப் பதில் அளவுகோலால் உயரம் பார்த்தே கொடுப்பார்கள். சிறு பிள்ளைகளுக்கு மாத்திரை வேண்டாம், சிரப்தான். மூக்கைப் பிடித்தோ படுக்கவைத்தோ ஊற்றினால் மூச்சுக்குழாயில் போய்விடும். அழுகிற பிள்ளை அடங்கட்டும். 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் களிம்பேதான்.

ஊர் முழுக்கக் கொடுப்பதா என்பதை நீங்களே முடிவுசெய்யக் கூடாது. மாவட்டச் சுகாதாரத் துறைக்கு எழுதுங்கள். அவர்கள் 1 முதல் 9 வயதுப் பிள்ளைகளின் மேல் இமையைப் புரட்டிப் பார்ப்பார்கள். 0.5 மி.மீ.க்குக் குறையாத கொப்புளங்கள் நடுப்பகுதியில் 5 இருந்தால் நோய் என்று கணக்கு. இப்படி 5 விழுக்காடு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் எல்லோருக்கும் மருந்து. 10ஐத் தாண்டினால் ஆண்டுக்கொன்றாகக் குறைந்தது 3 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் 80 விழுக்காட்டினராவது விழுங்கியிருக்க வேண்டும். வேலைக்கு வெளியே போனவர்கள்தான் வழக்கமாக விட்டுப்போவார்கள், மாலையில் இன்னொரு நடை போங்கள்.

தண்ணீர் பஞ்சத்தைக் காரணம் சொல்வார்கள். முகம் கழுவ ஒரு குவளை போதும், பீளையும் மூக்குச்சளியும் போனால் சரி. ஈ மொய்ப்பது அதைத் தேடித்தான். நோயைச் சுமக்கும் ஈ திறந்தவெளி மனித மலத்தில் முட்டையிடுவதால், மருந்தடிப்பதைவிடக் கழிப்பறையே நிலைத்த பலன் தரும்.

பிள்ளைகளைப் பார்க்கும்போது தாய்மாரையும் பாட்டிமாரையும் விடாதீர்கள். பிள்ளைகளோடு நெருங்கிப் புழங்குவதால் பெண்களுக்கே பாதிப்பு அதிகம். வருடக்கணக்கில் தொற்று திரும்பத் திரும்ப வந்து மேல் இமையின் உட்புறம் தழும்பாகி, விளிம்பு உள்ளே மடங்கும். இமைமுடி சிமிட்டும்போதெல்லாம் கருவிழியை உரசும். பார்வை போவது இந்த உரசலால்தான். இந்தக் கட்டத்தில் களிம்பு இமையை நிமிர்த்தாது, அறுவை சிகிச்சைதான் வழி. மரத்துப்போகும் ஊசி போட்டு இமை விளிம்பை வெளிப்புறமாகத் திருப்பித் தைப்பார்கள். பயிற்சி பெற்ற செவிலியரும் இதைச் செய்யும் நாடுகள் உண்டு.

வர மறுப்பவர்கள் வீட்டில் முடியைப் பிடுங்கிக்கொள்வார்கள். ஓரிரு முடிதான் என்றால் தற்காலிகமாகப் பரவாயில்லை. ஆனால் நுனி நன்றாகச் சேரும் இடுக்கியால் வேரோடு வர வேண்டும். பாதியில் முறிந்த முடியின் கட்டை, முழு முடியைவிட மோசமாகக் கீறும். அறுவை செய்தவர்களுக்கும் 3 முதல் 6 மாதத்துக்குள் இமையை மறுபடி பாருங்கள், முடி திரும்ப உள்ளே சாய்வது அரிதல்ல.