எஸ்-10: ஆக்ஸிலை மேலே ஏற்றியபின் இடியும் அதிர்வும்

வணக்கம். 1998 செவ்ரோலே எஸ்-10 பிக்கப் வண்டியைத் தாழ்த்த, பின் ஆக்ஸிலை லீஃப் ஸ்பிரிங்குக்கு (பட்டை வில்லுக்கு) மேலே மாற்றியதும் பள்ளத்தில் ‘டங்’ என்று இடிக்கிறது, 60 மைல் வேகத்தில் அதிர்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இரண்டும் வேறு வேறு சிக்கல்.

இடிப்பது ஆக்ஸில் குழாய். இந்த மாற்றத்தால் வண்டி ஏறக்குறைய 5 அங்குலம் இறங்கியதும் குழாய்க்கும் சேசிஸுக்கும் நடுவே இடமே இருக்காது. கீழே படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். சேசிஸின் அடியில் பெயிண்ட் போய்ப் பளபளவென்று ஒரு தழும்பு தெரியும். அந்த இடத்தை ‘சி’ வடிவில் வெட்டி, கனமான தகடு வைத்து வலுப்படுத்தியே ஆக வேண்டும். வெட்டிவிட்டு வெறுமனே விட்டால் சேசிஸ் அங்கேயே மடங்கும். அப்புறம் குட்டை ஷாக்கும் ரப்பர் ஸ்டாப்பரும் போடுங்கள்.

அதிர்வுக்குப் பெரும்பாலும் பினியன் கோணம்தான் காரணம், அதாவது கியர்பாக்ஸிலிருந்து வரும் சுழல் தண்டு ஆக்ஸிலில் சேரும் மூக்கின் சாய்வு. வண்டியை ஜாக்கில் தொங்கவிட்டு அளந்தால் தப்பாகத்தான் வரும். சக்கரம் தரையில் நிற்க, முழு எடையும் இறங்கியபின் அளந்து பாருங்கள். ஓடும்போது கியர்பாக்ஸ் தண்டும் பினியனும் இணையாக இருக்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பினியன் மூக்கு மேலே தூக்கும் என்பதால் நிற்கும்போது அதை 1 முதல் 2 டிகிரி கீழே வையுங்கள். ஸ்பிரிங் அமரும் தட்டை ஆக்ஸிலில் முதலில் பொட்டு வெல்டிங் வைத்து, மறுபடி அளந்து, பிறகே முழு வெல்டிங். ஆக்ஸிலை ஸ்பிரிங்கோடு கட்டும் யூ போல்ட் கண்டிப்பாகப் புதிது. அதுவரை சரக்கு ஏற்றவே வேண்டாம்.