எப்படித் தோற்பார்கள்?

அன்புள்ள ஐயா,

சேலம் சிவதாபுரத்தில் சிறிய வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துகிறேன். என்னோடு சேர்த்து ஆறு பேர். அக்காள் மகள் டப்ளினில் செவிலியராக இருக்கிறாள். அவள் வழியாக ரக்பி எனக்கு ஒட்டிக்கொண்டது. ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் லீ பஜாருக்கு மிளகு போட வரும்போதெல்லாம் பட்டறைக்கு வந்து உட்கார்ந்துவிடுவார். அவர் நியூசிலாந்து பக்தர், நான் அயர்லாந்து. 2027 உலகக் கோப்பை யாருக்கு என்று இப்போதே சண்டை. போன வாரம் “உங்கள் அயர்லாந்து காலிறுதியோடு ஊர் திரும்பிவிடும், பெட்டியைப் பிரிக்கவே வேண்டாம் என்று சொல்லுங்கள்” என்றார். நானும் ஏதோ சொல்லிவிட்டேன். வைத்த காப்பியைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

பற்றவைக்கும் வேலை பார்க்கும் பையன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அண்ணா, இதில் இந்தியா எங்கே இருக்கிறது? அழைக்காத கல்யாணத்துக்கு ஏன் மொய் எழுதுகிறீர்கள்?” என்றான். எனக்குப் பதில் வரவில்லை. நீங்கள் ராத்திரி விழித்து ரக்பி பார்ப்பவர் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். எங்கள் இருவரில் யார் பக்கம் நியாயம்? பையனுக்கு என்ன சொல்வது?

செ.,
சிவதாபுரம்

அன்புள்ள செ.,

காப்பித் தோட்டக்காரர் காப்பியைக் குடிக்காமல் எழுந்தார் என்றால் விவகாரம் முற்றித்தான் போயிருக்கிறது.

நண்பர் சொன்னது கணக்குப்படி சரி. இதுவரை நடந்த பத்து உலகக் கோப்பைகளில் அயர்லாந்து எட்டு முறை காலிறுதி ஆடி எட்டிலும் தோற்றிருக்கிறது. அரையிறுதி மைதானத்தை அவர்கள் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் இதைச் சொல்லிவிட்டு எழுந்து போவது விவாதம் ஆகாது. எட்டுத் தோல்வியும் ஒரே தோல்வி இல்லை. அடுத்த முறை அவர் வரும்போது 2023 அக்டோபர் 14 அன்று பாரிஸில் நடந்த காலிறுதியின் கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் போட்டுக் காட்டுங்கள். அவருடைய நியூசிலாந்துதான் எதிரணி, ஆகவே பார்க்க மறுக்கமாட்டார்.

தொடர்ந்து 17 ஆட்டங்கள் வென்றுவிட்டு அந்த மைதானத்தில் இறங்கிய அணி அயர்லாந்து. நான்கு புள்ளி பின்தங்கியிருக்கிறது. அயர்லாந்தின் ரோனன் கெல்லஹர் பந்தோடு கோட்டைத் தாண்டி விழுகிறார். ரக்பியில் கோட்டைத் தாண்டினால் மட்டும் போதாது, பந்து தரையைத் தொட வேண்டும். அப்போதுதான் அது ட்ரை. நியூசிலாந்தின் ஜோர்டி பாரெட் அவருக்கு அடியில் புகுந்துகொண்டு, தன் உடம்பையே பாயாக விரித்துப் பந்தைத் தாங்கிக்கொள்கிறார். புல்லுக்கும் பந்துக்கும் நடுவே ஒரு மனிதன். அதன் பிறகு வருகிறது கடைசி முற்றுகை. அயர்லாந்துக்காரர் மோதுகிறார், விழுகிறார், பந்தைப் பின்னால் தருகிறார், அடுத்தவர் மோதுகிறார். எண்பது நிமிடம் தாண்டிவிட்டது. பந்து கையை விட்டுப் போனால் ஆட்டம் முடிந்தது. இப்படி 37 முறை. எதிரே நிற்பவர்கள் பொறுமை இழந்து ஒரு தவறு செய்திருந்தால்கூடப் பெனால்டி கிடைத்து முற்றுகை இன்னும் நெருங்கியிருக்கும். செய்யவில்லை. முடிவில் நியூசிலாந்தின் சாம் வைட்லாக், இரண்டு நாள் முன்பு 35 வயது நிறைந்தவர், விழுந்து கிடந்த ஆளின் மேல் குனிந்து பந்தைப் பற்றினார். விசில். 28-24. அயர்லாந்து கேப்டன் ஜானி செக்ஸ்டனின் ஆட்ட வாழ்க்கையும் அந்த விசிலோடு முடிந்தது.

இதைப் பார்த்துவிட்டும் ஒருவர் “காலிறுதிச் சாபம்” என்று சொன்னால், அவருக்கு ஜோசியத்தில்தான் நாட்டம் என்று விட்டுவிடுங்கள்.

ஆனால் உங்களிடமும் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. உங்கள் கடிதத்தில் இரண்டு பேரும் யார் ஜெயிப்பார்கள் என்றே பேசியிருக்கிறீர்கள். அது சுலபமான பேச்சு. பிடித்த நான்கு பெயரைச் சொன்னால் முடிந்துவிடும். உங்கள் அணி எப்படித் தோற்கும் என்று நீங்களும், அவர் அணி எப்படித் தோற்கும் என்று அவரும் சொல்லத் தொடங்குங்கள். அப்போதுதான் எந்த அணி எந்தப் பிரிவில் என்கிற குழுப் பிரிப்பும், ஸ்க்ரம் என்கிற கூட்டுத் தள்ளலில் முன்வரிசையில் நிற்கும் மூவரின் வயதும், பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களும் பேச்சுக்குள் வருவார்கள்.

2023இல் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோப்பைக்குக் குழு பிரித்தது 2020 டிசம்பரில். ஆட்டம் தொடங்கியது கிட்டத்தட்ட மூன்று வருடம் கழித்து. அதற்குள் அணிகளின் தரம் இடம் மாறிப்போயிற்று. அயர்லாந்து, பிரான்ஸ், தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து நான்கும் அட்டவணையின் ஒரே பாதியில், காலிறுதியில் தங்களுக்குள்ளேயே மோதும்படி மாட்டிக்கொண்டன. அவற்றில் இரண்டு காலிறுதியோடு வீடு திரும்பியே ஆக வேண்டும் என்பது முதல் ஆட்டத்துக்கு முன்பே எழுதிவைத்த விதி. போட்டியை நடத்திய பிரான்ஸும் 28-29 என்று ஒரு புள்ளியில் போயிற்று. இந்தத் தடவை 2025 டிசம்பரில் பிரித்தார்கள், அந்த அநியாயம் கொஞ்சம் குறையும். இருந்தாலும் அயர்லாந்தும் ஸ்காட்லாந்தும் மூன்றாவது கோப்பையாகத் தொடர்ந்து ஒரே பிரிவில்! நியூசிலாந்துக்குப் போட்டி நடத்தும் ஆஸ்திரேலியாவே அதே பிரிவில் வந்திருக்கிறது. 20 அணி 24 ஆகிறது. அதைவிட முக்கியம், காலிறுதிக்கு முன்னால் 16 அணிகளின் சுற்று ஒன்று புதிதாக வருகிறது. தோற்றால் வெளியே என்கிற ஆட்டம் முன்பு மூன்று, இனி நான்கு.

அந்த நான்காவதை லேசாக நினைக்க வேண்டாம். தென்னாப்பிரிக்கா 2023இல் கோப்பையை எடுத்தது மூன்று ஒற்றைப் புள்ளிகளில். பிரான்ஸை 29-28, இங்கிலாந்தை 16-15, இறுதியில் நியூசிலாந்தை 12-11. இன்னொரு ஆட்டம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த நாட்டு ரசிகர்களே யோசிக்க விரும்பமாட்டார்கள்.

அந்த இறுதி ஆட்டத்தை நான் ஏற்காட்டில் ஒரு நண்பர் வீட்டில் பார்த்தேன். நம் நேரத்துக்கு நள்ளிரவு 12.30. வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. திண்ணைத் தூணின் வலப்பக்கம் ஒரு முழ இடத்தில் மட்டும் வரும். கைபேசியைப் பித்தளைச் சொம்பில் சாய்த்துவைத்து, இரண்டு கம்பளிக்குள் நான்கு பேர். மூடுபனி திரையின் மேலேயே படிந்ததால் வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தோம். நியூசிலாந்து கேப்டன் சாம் கேன் கழுத்துக்கு மேலே பிடித்ததற்காக வெளியே அனுப்பப்பட்டார். மஞ்சள் அட்டை சில நிமிடத்தில் சிவப்பானது. ஆண்கள் உலகக் கோப்பை இறுதியில் அதுதான் முதல் சிவப்பு அட்டை. பதினாலு பேராக ஆடியும் போடன் பாரெட் ட்ரை வைத்தார். ட்ரைக்குப் பிறகு கூடுதல் புள்ளிக்காக உதைக்கும் உதை தவறியது. முடிவதற்கு ஏழெட்டு நிமிடம் இருக்கும்போது ஜோர்டி பாரெட் வெகு தூரத்திலிருந்து உதைத்த பெனால்டியும் விலகிப் போயிற்று. அந்தக் கணத்தில் சிக்னலும் போயிற்று. பந்து எங்கே விழுந்தது என்று தெரியாமல் ஒரு நிமிடம் தூணைச் சுற்றிக் கைபேசியைத் தூக்கிக்கொண்டு நடந்தது எனக்குக் கோப்பையைவிட நன்றாக ஞாபகம் இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவின் 12 புள்ளியும் ஹான்ட்ரே பொல்லார்ட் காலிலிருந்து வந்தது. அவர் முதலில் அறிவித்த அணியிலேயே இல்லை. காயம்பட்ட ஒருவருக்குப் பதிலாக நடுவில் வந்தவர். மாற்று ஆட்டக்காரர்கள் எட்டுப் பேரில் ஏழு பேரை ஸ்க்ரம் தள்ளுகிற பெரிய ஆட்களாகவே வைத்திருந்தார்கள். வேகமாக ஓடுகிறவர்களில் இரண்டு பேருக்கு அடிபட்டிருந்தால் கதை கந்தல். தாங்கள் எப்படித் தோற்போம் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டு, அந்த ஆபத்தைத் தெரிந்தே எடுத்தவர்கள் அவர்கள். பொல்லார்ட் மாதிரி அணிக்கு வெளியிலிருந்து வந்து ஆடுவது நம் மாவட்டத்துக்காரர்களுக்குப் புதிதும் இல்லை. சின்னப்பம்பட்டி நடராஜன் 2020இல் ஆஸ்திரேலியாவுக்குப் போனது வலைப்பயிற்சியில் பந்து வீசுவதற்கு. மூன்று வடிவத்திலும் ஆடிவிட்டு ஊர் திரும்பினார்.

இனி நமக்கே வலிக்கிற உதாரணம். கன்னங்குறிச்சியில் நான் இருக்கிற தெருவில் பொங்கலுக்குக் கபடி நடக்கும். எட்டாம் வகுப்புப் பையன்கூட, எதிரணியின் இடது ஓரத்துக்காரன் கணுக்காலைப் பிடிப்பானா இடுப்பைப் பிடிப்பானா என்று முன்கூட்டியே கணக்குப் போடுவான். அதே தெரு, 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு நடந்தபோது இந்திய அணியைப் பற்றி ஒரு வார்த்தை விவாதிக்கவில்லை. நானும்தான். 1990இல் கபடி சேர்ந்ததிலிருந்து ஏழு முறையும் ஆண்கள் தங்கம் நம்முடையது. ஆகவே தங்கம் எழுதிவைத்தது, வெள்ளி யாருக்கு என்பதுதான் டீக்கடைப் பேச்சு. பிரிவு ஆட்டத்தில் தென்கொரியா ஒரு புள்ளியில் வென்றது. அப்போதும் விழிக்கவில்லை. அரையிறுதியில் ஈரான் 27-18. மறுநாள் பெண்கள் இறுதியிலும் ஈரான். அந்தப் பெண்களுக்குப் பயிற்சி தந்தவர் நாசிக்கைச் சேர்ந்த சைலஜா ஜெயின். நாம் எப்படித் தோற்போம் என்று கணக்குப் போட்ட இந்தியர் ஒருவர் இருந்தார், நம் பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இரண்டு தங்கமும் திரும்பி வந்தன. பெண்கள் தைவானை வென்றது ஒரு புள்ளியில், 26-25. அந்தத் தடவை எங்கள் தெருவில் முன்கூட்டியே காரசாரமான பேச்சு இருந்தது என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள் பட்டறைப் பையனுக்கு வருவோம். நல்ல கேள்வி கேட்டிருக்கிறான். 2027இல் இந்தியா இல்லை. ஆசியாவிலிருந்து ஜப்பானும், முதல்முறையாக ஹாங்காங்கும் போகின்றன. ஆனால் மொய் எழுதாத கல்யாணம் என்று அவன் நினைக்க வேண்டாம். மொய் எழுதியாகிவிட்டது, வெள்ளியாகவே. 1873இல் கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் ரக்பி ஆட ஒரு கிளப் தொடங்கினார்கள். நாலைந்து வருடத்தில் ஆள் குறைந்து கலைத்தார்கள். வங்கியில் மிச்சமிருந்த பணத்தை வெள்ளி ரூபாயாக எடுத்து, 270 நாணயத்தை உருக்கி ஒரு கோப்பை செய்து லண்டனுக்கு அனுப்பினார்கள். 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதுவது அந்தக் கல்கத்தா கோப்பைக்குத்தான். மூன்று கைப்பிடியும் நாகப்பாம்பு, மூடியின் மேல் யானை. படம் தேடிப் பாருங்கள், கைப்பிடி உடம்போடு சேரும் இடத்தை உங்கள் பையன் என்னைவிட நன்றாகப் படிப்பான். 1988இல் ஆட்டம் முடிந்த இரவு இரண்டு அணியிலிருந்தும் ஆளுக்கொருவர் சேர்ந்து அதை எடின்பரோ தெருவில் உதைத்து விளையாடி நசுக்கிவிட்டார்கள். கொலுசு செய்கிறவர்களிடம் இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லுங்கள். 2019 ஜூனில் மணிலாவில் இந்தியப் பெண்கள் அணி சிங்கப்பூரை 21-19 என்று வென்றது. பதினைந்து பேர் ஆட்டத்தில் அவர்களுடைய முதல் சர்வதேச வெற்றி அது. கடைசி நிமிடங்களில் வெற்றிக்கான பெனால்டியை உதைத்தவர் ஒடிசாவைச் சேர்ந்த சுமித்ரா நாயக். அந்த அணியைப் பற்றிக் காப்பியை வைத்துவிட்டு எழுந்து போகிற அளவுக்குச் சண்டை போட இந்த ஊரில் இரண்டு பேர் கிடைத்தால் எனக்கு எழுதுங்கள். மூன்றாவது ஆளாக நான் வருகிறேன்.

உலகக் கோப்பை 2027 அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. இந்த முறை கண் விழிக்க வேண்டாம். சிட்னியில் இரவு எட்டு மணி என்றால் அக்டோபரில் நமக்குப் பிற்பகல் இரண்டரை. உங்கள் அயர்லாந்து காலிறுதிக்கு வந்தால், அன்று பட்டறையில் ஊதுகுழலை அணைத்துவையுங்கள். தட்டுவடை செட் என் செலவு, பீட்ரூட் துருவல் கூடுதலாகப் போட்டு. காப்பித்தூளைத் தோட்டத்திலிருந்து நண்பர் கொண்டுவரட்டும். நான் தென்னாப்பிரிக்கா பக்கம் என்பதை மட்டும் அவரிடம் இப்போதே சொல்லிவிடாதீர்கள்.