இரவு இரண்டு மணிக்கு அம்மாவைப் புரட்டிப் படுக்க வைப்பவர் யார்?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 74. ஐந்து மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் செயலிழந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. யூரின் டியூப் போட்டிருக்கிறார்கள். நான் ஈரோட்டில் பள்ளி ஆசிரியை. அண்ணன் மஸ்கட்டில் இருக்கிறார். வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ள வைத்த பெண்கள் மூன்று பேரும் அடுத்தடுத்து நின்றுவிட்டார்கள். படுக்கையில் இருப்பவர்களைப் பராமரிக்கும் இரண்டு இல்லங்களைக் கோவையில் பார்த்துவிட்டு வந்தேன். ஒன்று புதுக் கட்டடம். ஏசி, தோட்டம், பிள்ளையார் கோயில் எல்லாம் உண்டு. மாதம் 38,000 ரூபாய். இன்னொன்று பழைய வீடு, 27,000 ரூபாய். கவனிப்பு எங்கே நன்றாக இருக்கும் என்பதை எதை வைத்துத் தெரிந்துகொள்வது? சொந்தக்காரர்கள் பேசுவதை நினைத்தாலும் மனம் தடுமாறுகிறது.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: அன்புச் சகோதரிக்கு, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு செய்திதான் உங்கள் கடிதத்திலேயே மிக முக்கியமானது என்று எனக்குத் தோன்றுகிறது: அம்மாவுக்குப் பேச்சு போய்விட்டது. பேச முடிந்தவர்கள் போனில் அழுதாவது பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுவார்கள். உங்கள் அம்மாவால் தாகம் என்றோ, முதுகு எரிகிறது என்றோ, நேற்று இரவு யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்றோ சொல்ல முடியாது. ஆகவே, கேட்காமலே செய்கிற இடம் எது என்பதுதான் நீங்கள் தேட வேண்டியது. ஏசியும் தோட்டமும் அதைக் காட்டித் தராது.

என் அப்பா இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தபோது நாங்களும் அவரை ஓர் இல்லத்தில் சேர்த்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் காலை பதினொரு மணிக்குப் போவேன். குளித்து, விபூதி பூசி, வெள்ளை வேட்டியும் காலுறையுமாகச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மனம் நிறைந்து திரும்புவேன். ஏழாவது வாரம் வேறொரு வேலையாக அந்தப் பக்கம் போனவன், புதன்கிழமை மாலை சொல்லாமல் நுழைந்தேன். அன்று ஏதோ தோன்றி அப்பாவின் காலுறையைக் கழற்றினால், இடது குதிகாலில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் கறுத்துக் கிடந்தது. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போயிருந்த அவருக்கு வலி தெரியவில்லை. அந்தப் புண் ஆற நான்கு மாதம் பிடித்தது. அங்கிருந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். குளிருமே என்றுதான் காலுறை போட்டுவிட்டிருக்கிறார்கள். அதைத் தினமும் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, எனக்கும் தெரியவில்லை.

படுக்கைப்புண்ணை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தானாகப் புரள முடியாதவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பதுதான் நெடுங்கால நடைமுறை. நல்ல மெத்தை இருந்தால் மருத்துவர் இந்த இடைவெளியைச் சற்றுக் கூட்டலாம். ‘ஏர் பெட் போட்டிருக்கிறோம், கவலைப்படாதீர்கள்’ என்பார்கள். ஏர் பெட் நல்லதுதான், ஆனால் புரட்டுகிற வேலையை அது செய்யாது. அதன் மோட்டார் ஓடுகிறதா என்பதையும் ஒருமுறை கையை வைத்துப் பாருங்கள். பகலில் குளியல், சாப்பாடு, பிசியோ என்று உடம்பு எப்படியும் அசைந்துவிடும், சோதனை இரவில்தான். ஆகவே இரண்டு இல்லங்களிலும் முதல் கேள்வியாக, ‘இரவு இரண்டு மணிக்கு அம்மாவைப் புரட்டிப் படுக்க வைப்பவர் யார், அந்த நேரத்தில் எத்தனை பேர் விழித்திருப்பார்கள்?’ என்று கேளுங்கள். பிறகு ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். முழுப் படுக்கையாக இருப்பவர் ஒருவரை இருவராகச் சேர்ந்து புரட்டி, டயபர் பார்த்து, தலையணை முட்டுக் கொடுக்கப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால், பன்னிரண்டு பேரை முடிப்பதற்குள் இரண்டு மணி நேரம் ஓடிவிடும். இருபது பேருக்கு இரண்டே பணியாளர்கள் என்றால், அவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் அந்த வேலை நடக்காது. மொத்தம் எத்தனை பணியாளர்கள் என்ற எண்ணிக்கையைச் சொல்லி உங்களை அனுப்பிவிட இடம் கொடுக்காதீர்கள்.

சீருடையை வைத்தும் எதையும் முடிவு செய்யாதீர்கள். நம் ஊர் இல்லங்களில் மூன்று மாதம் முன்பு சேர்ந்த பெண்ணையும் ‘சிஸ்டர்’ என்றுதான் அழைக்கிறார்கள், செவிலியர் படிப்பு முடித்தவரையும் அப்படியே அழைக்கிறார்கள். தமிழ்நாடு செவிலியர் மன்றத்தில் பதிவு செய்த செவிலியர் எத்தனை பேர், அவர்களில் இரவில் தங்குபவர் உண்டா என்று கேளுங்கள். உடல் பராமரிப்பை உதவியாளர்கள் செய்வதில் தவறில்லை. மாத்திரையும் இன்சுலினும் படித்தவர் கையில் இருக்க வேண்டும்.

அடுத்து, இரவுச் சாப்பாட்டு நேரத்தில் போய் உட்காருங்கள். பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு விழுங்குவதில் சிக்கல் இருக்கும். படுத்தபடியோ அவசரமாகவோ ஊட்டினால் உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரை கொண்டுபோய்விடும். ஊட்டுபவர் கட்டிலின் தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்துகிறாரா, அவரும் உட்கார்ந்துகொண்டு ஊட்டுகிறாரா, ஒரு வாய் விழுங்கிய பிறகுதான் அடுத்த கரண்டியை நீட்டுகிறாரா என்று கவனியுங்கள். செயலிழந்த பக்கத்துக் கன்னத்துக்குள் சோறு தங்கிவிடும், அது அவர்களுக்கே தெரியாது. முடிந்ததும் வாயைத் திறக்கச் சொல்லி விரலில் துணி சுற்றி வழித்தெடுக்கிற பணியாளர் ஒருவரை நீங்கள் பார்த்துவிட்டால், அந்த இல்லத்தில் யாரோ அக்கறையாகக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள் என்று நம்பலாம். ஊட்டி முடித்து அரை மணி நேரமாவது உட்கார்ந்த நிலையிலேயே வைத்திருக்க வேண்டும்; தட்டை எடுத்த கையோடு கட்டிலைச் சாய்த்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அனுமதி கேட்டுக்கொண்டு வார்டு வழியாக நடந்து வரும்போது, அங்கே இருப்பவர்களின் உதடுகள் உலர்ந்து வெடித்திருக்கின்றனவா, தண்ணீர் டம்ளர் கை எட்டும் இடத்தில் இருக்கிறதா, சிறுநீர்ப் பை இடுப்புக்குக் கீழே தரையில் படாமல் தொங்குகிறதா என்று பாருங்கள். பையில் இருப்பது எல்லோருக்குமே அடர்ந்த நிறமாக இருந்தால், அங்கே தண்ணீர் கொடுப்பது போதவில்லை என்று சந்தேகிக்கலாம். யாருடைய கையாவது கட்டிலோடு கட்டப்பட்டிருந்தால் ஏன் என்று கேட்கத் தயங்காதீர்கள். பகல் பதினொரு மணிக்கு ஹாலே தூங்கி வழிந்தால், என்ன மாத்திரை கொடுக்கிறார்கள் என்றும் கேளுங்கள். ஓர் அறையில் மலவாடை வீசுவது இயல்பு, அப்போதுதான் போயிருப்பார். கட்டடம் முழுவதும் எந்நேரமும் வீசினால் இயல்பல்ல. தூக்கியடிக்கும் ரூம் ஸ்பிரே வாசனையும் எனக்கு நம்பிக்கை தருவதில்லை.

டியூப் பற்றி ஒரு வார்த்தை. ஐந்து மாதமாக அது இன்னும் தேவையா என்று மருத்துவரைக் கேட்டீர்களா? அது இருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்றுக்கு வாய்ப்பு கூடுகிறது. டயபர் மாற்றும் வேலை மிச்சம் என்பதற்காக மட்டும் டியூபை வைத்திருக்கச் சொல்லும் இல்லம் எனக்கு உடன்பாடில்லை.

பதிவேடுகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். புரட்டிப் படுக்க வைத்த நேரம், மருந்து, மாதாந்திர எடை ஆகிய மூன்றும் எழுதப்பட்டிருக்க வேண்டும். நாள் முழுவதற்கும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் ‘டிக்’ போட்டிருந்தால் அது நாள் முடிவில் உட்கார்ந்து எழுதியதாகத்தான் இருக்கும். எடையைப் பலர் பொருட்படுத்துவதில்லை. 50 கிலோ இருப்பவர் ஒரே மாதத்தில் இரண்டரைக் கிலோ குறைந்தால், அதாவது ஐந்து சதவீதம் போனால், மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும்.

மாவட்டச் சமூக நலத்துறையின் பதிவு, எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள், டயபரும் பிசியோவும் தனிக் கட்டணமா, முன்பணம் எவ்வளவு நாளில் திரும்பும் என்பவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முதியோருக்கான 14567 என்ற கட்டணமில்லா உதவி எண்ணையும் குறித்துவைத்திருங்கள்.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துப் பார்த்தால், பழைய வீட்டை ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. இரவுக் கேள்விக்கு அங்கே நேரான பதில் வந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். மிச்சமாகும் 11,000 ரூபாயில் ஈரோட்டிலிருந்து வாரம் இரண்டு முறை போய்வரலாம். ஒரே கிழமையில், ஒரே நேரத்தில் போகாதீர்கள். போகும்போதெல்லாம் பணியாளரையும் உடன் வைத்துக்கொண்டு வால் எலும்பு, இரண்டு குதிகால்கள், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, காதுமடல் ஆகியவற்றைப் பாருங்கள். நம் நிறத்தில் சிவப்பு பளிச்சென்று தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ, சூடாகவோ, கெட்டியாகவோ இருந்தால் அதுதான் ஆரம்பம்.

சொந்தக்காரர்களின் பேச்சுக்கு நான் பதில் எழுதப் போவதில்லை. அவர்களில் யாரும் ஓர் இரவு வந்து அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்கவில்லை.

சேர்க்கும் நாளுக்கு முன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். பேச்சு போனவர்களில் பலருக்கு நாம் சொல்வது பெருமளவு புரியும். அந்த இல்லத்தின் போட்டோக்களைக் காட்டி, இடது கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகச் சொல்லுங்கள். கட்டிலுக்கு மேலே ஒட்ட ஓர் அட்டையும் எழுதிக் கொண்டுபோங்கள்: என்ன முறை வைத்து அழைத்தால் திரும்பிப் பார்ப்பார், காபி எவ்வளவு சூட்டில் வேண்டும், வேண்டாம் என்பதை எப்படிக் காட்டுவார், வலி என்றால் முகம் எப்படி மாறும். ஐந்து மாதமாக அருகில் இருந்த உங்களுக்கு மட்டுமே தெரிந்தவை அவை.