அகழியைத் தூர்வாரியது குற்றமா?

கேள்வி: இங்கிலாந்தின் சஃபோக்கில் அகழி சூழ்ந்த பழைய பண்ணைவீடு ஒன்றை 2 வருடம் முன் வாங்கினேன். நாற்றம் தாங்காமல் ஜேசிபி வைத்து 15 மீட்டர் நீளத்துக்குத் தூர்வாரி, சேற்றை நடுத்திட்டில் பரப்பினேன். பக்கத்துப் பண்ணைக்காரர் பொறாமையில் புகார் கொடுத்துவிட்டார். விற்றவரும் வருடாவருடம் தூர்வாரியவர்தான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பழஞ்சின்னங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்து விசாரணைக்குக் கூப்பிடுகிறது. விற்றவர்மீது வழக்குப் போடலாமா?

பதில்: பக்கத்துக்காரரின் பொறாமையை விடுங்கள், கோர்ட்டுக்கு அது வேண்டாம். தோண்டிய இடம், அரசு பட்டியலில் சேர்த்துப் பாதுகாக்கும் தொல்சின்னத்தின் எல்லைக்குள் வருகிறதா? வந்தால், ஜேசிபி இறங்குவதற்கு முன்பே எழுத்து மூல அனுமதி இருந்ததா? அனுமதியில்லாத வேலையைக் குற்றமாக்கும் 1979-ம் ஆண்டு தொல்சின்னச் சட்டத்தின் 2-வது பிரிவுக்கு இது போதும். ஆளை வைத்துச் செய்தாலும் பொறுப்பு உங்களுக்கும்தான். பின்தேதியிட்ட அனுமதியும் கிடையாது.

'தெரியாது' என்ற வாதம் சட்டத்தில் உண்டு. ஆனால் தெரிந்துகொள்ளக் காரணமும் இல்லை என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். வீடு வாங்கியபோது சொலிசிட்டர் (பத்திர வேலை பார்த்த வக்கீல்) எடுத்த 'லோக்கல் சர்ச்' அறிக்கையை, அதாவது சொத்தின் மீதுள்ள கட்டுப்பாடுகளை உள்ளாட்சிப் பதிவேட்டில் தேடி எடுத்த அறிக்கையை, புரட்டுங்கள். இந்தச் சின்னங்கள் அதில் பதிவாகும். அங்கே அது இருந்தால் உங்கள் வாதமும் போயிற்று, விற்றவர் மீதான வழக்கும் போயிற்று. அவர் வருடாவருடம் தூர்வாரியதும் உதவாது. சில வேலைகளுக்குத் தனி அனுமதி வேண்டாம் என்று சொல்லும் 1994-ம் ஆண்டு பொது அனுமதி, கடந்த 6 வருடத்தில் அதே இடத்தில், அதே ஆழத்துக்குள், சட்டப்படி நடந்த விவசாய வேலைக்குத்தான். வடிகால் வேலையும் மண் கொட்டுவதும் அதில் சேராது.

கட்சிக்காரர்கள் வழுக்கி விழுவது இதற்குப் பிறகுதான். கடிதம் வந்த பயத்தில் ராத்திரியோடு ராத்திரியாக சேற்றை வழித்துப் பள்ளத்தை மூடுவார்கள். அதுவும் அனுமதியில்லாத வேலை, இரண்டாவது குற்றம். அகழியின் கறுப்புச் சேற்றுக்குள் காற்று புகாததால்தான் பாலத்து மரம், தோல், விதை எல்லாம் நூற்றாண்டுக் கணக்கில் அழுகாமல் கிடக்கின்றன. திட்டில் பரப்பிய சேறு ஏற்கெனவே உலர ஆரம்பித்திருக்கும். மறுபடி ஜேசிபி ஏறினால் அடியில் இருக்கும் கட்டடத் தடமும் நசுங்கும். எதையும் தொடாதீர்கள். படம் மட்டும் எடுத்து வையுங்கள். மரம் வெளியே தெரிந்தால் என்ன செய்வதென்று ஹிஸ்டாரிக் இங்கிலாந்திடமே எழுதிக் கேளுங்கள்.

அடுத்தது வாய். விசாரணையில் "பாதுகாக்கப்பட்ட இடம் என்று தெரியும், நல்லதுக்குத்தான் செய்தேன்" என்று சொல்பவர்கள் அபராதத்தோடு முடிய வேண்டியதை, அதே சட்டத்தில் தெரிந்தே சேதப்படுத்துவதைத் தண்டிக்கும் 28-வது பிரிவுக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள். அதில் 2 வருடம் வரை சிறை உண்டு. கிரிமினல் வக்கீல் இல்லாமல் போகாதீர்கள்.

என்னைக் கேட்டால் சமரசம்தான். உங்கள் செலவில் தொல்லியலாளரை அமர்த்தி, பழுதைச் சரிசெய்யும் திட்டத்தை வக்கீல் மூலம் இப்போதே கொடுங்கள். அந்த வேலைக்கும் முன் அனுமதி வேண்டும். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. அதையும் மீறி வழக்கு வந்தால், முதல் வாய்தாவிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு வரை குறையும்.