அறுந்து மணலில் கிடந்த கம்பியில் மின்சாரம் ஏன் நிற்கவில்லை?

கேள்வி: சென்ற சோளகக் காலத்தில் (மழையற்ற தென்மேற்குக் காற்றுக் காலம்), பட்டுப்போன பனையொன்றின் வட்டு முறிந்து விழுந்ததில், எங்கள் ஒழுங்கை முகப்பில் 11 கிலோவோல்ற்றுக் கம்பி அறுந்து மணலில் கிடந்தது. நுனியில் சீறலும் இடையிடையே நீலப் பொறியும் தெரிந்தன. ஆயினும் அரைமணி நேரத்தின் பின் ஆட்கள் வந்து நிறுத்தும்வரை மின்சாரம் தானாக நிற்கவில்லை. வீட்டிலோ பழுதான கேத்திலைச் செருகினாலே 'றிப் சுவிச்' விழுந்துவிடுகிறது. பெரிய கம்பிக்கு அந்தக் காவல் கிடையாதா?

— வாசகி ஒருவர், வடமராட்சி கிழக்கு

பதில்: காவல் உண்டு. இரண்டுக்கும் அடிப்படையும் ஒன்றே: போன மின்னோட்டம் முழுவதும் கம்பிவழியே திரும்புகிறதா என்று பார்ப்பது. வீட்டுச் சுவிச் உயிர்க்கம்பியையும் நொதுமல் கம்பியையும் ஒப்பிட்டு, வித்தியாசம் 30 மில்லி அம்பியரை எட்டுமுன்னரோ எட்டியதுமோ துண்டித்துவிடும். உபமின் நிலையத்தில் மூன்று கம்பிகளின் மின்னோட்டங்களும், அவற்றை அளவிடும் கருவிகளான மின்னோட்ட மாற்றிகளினூடாக ஒன்றாகக் கூட்டப்படுகின்றன. அங்கே நொதுமல் கம்பி இல்லாததால், சுமை எவ்வளவு ஏறினாலும் கூட்டுத்தொகை பூச்சியத்தை அண்டியே நிற்கும். மண்ணில் இறங்கி மின்மாற்றியின் புவித்தொடுப்பு வழியே திரும்பும் பங்கு மட்டுமே அதில் மிஞ்சும். ஆகவே புவிப்பழுது றிலேயை, அதாவது மண்ணுக்குள் கசியும் மின்னோட்டத்தைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கச் செய்யும் கருவியை, சுமை மின்னோட்டத்துக்கு மிகக் கீழே அமைக்கலாம். 200 அம்பியர் மின்னோட்ட மாற்றியில் 10 சதவீதம் என்றால் 20 அம்பியர்.

சிக்கல் உங்கள் மணலில் இருக்கிறது. ஏறத்தாழ இதே மின்னழுத்தத்தில், 12.5 கிலோவோல்ற்றுக் கம்பிகளைத் தரையில் போட்டுச் செய்த சோதனைகளில், ஈரப் புல்லில் 50 அம்பியரளவும் ஈர மணலில் 15 அம்பியரளவும் பாய்ந்தன. உலர்ந்த மணலில் அளக்கத்தக்க மின்னோட்டமே இல்லை. மாரியில் ஈரப் புல்லில் விழுந்திருந்தால் உடனே நின்றிருக்கக்கூடிய மின்சாரம் சோளகத்தில் நிற்காமல் போவதற்கு இதுவே காரணம். றிலே மின்னோட்டத்தை மட்டுமே அறியும், சீறலையும் பொறியையும் அறியாது.

அப்படியானால் 20 அம்பியரை 2 அம்பியராகக் குறைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். மூன்று மின்னோட்ட மாற்றிகளும் அச்சொட்டாக ஒன்றுபோல் இயங்குவதில்லை. கடற்காற்றின் உப்புப் படிந்த காவலிகளில் கசிவு உண்டு. வேறொரு தொடரில் (உபமின் நிலையத்திலிருந்து பிரிந்து செல்லும் மின்வழியில்) பழுது நேர்ந்தாலும், கம்பிக்கும் தரைக்கும் இடையேயான மின்னேற்றத்தால் எழும் நல்ல தொடரின் கொள்ளளவு மின்னோட்டம் றிலேயில் தோன்றும். இவற்றுக்கெல்லாம் றிலே மின்சாரத்தைத் துண்டித்தால் வைத்தியசாலை முதல் நீரிறைக்கும் தோட்டம் வரை காரணமின்றி இருளும். ஆதலால் சில அம்பியருக்கே இயங்கும் நுண்ணுணர் புவிப்பழுது றிலேயைத் தனியாகப் பொருத்தி, பல செக்கன் தாமதத்துடன் இயக்குவார்கள். இத்தகைய றிலேக்களை மணற்பாங்கான கரையோரத் தொடர்கள் எல்லாவற்றிலும் பொருத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உலர்மணலில் அதுவும் தவறக்கூடும் என்பதையும் மறைக்க மாட்டேன்.

வீட்டுக்கும் இதே மணல்தான். உங்கள் புவித்தொடுப்புக் கோலின் தடை 50 ஓம் என்றால், உலோக உடலில் 230 வோல்ற்று இறங்கியதும் 4.6 அம்பியரே பாயும்; 15 அம்பியர் உருகி அசையாது, றிப் சுவிச்தான் உயிர்காக்கும். மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

விழுந்த கம்பியிலிருந்து குறைந்தது 10 மீற்றர் விலகி, சிறுவரையும் மாடுகளையும் தடுத்துவிட்டு, மின் அலுவலகத்துக்கு அறிவியுங்கள். ஏற்கெனவே அருகில் நிற்பவர் எட்டி அடிவைக்காமல், பாதங்களை ஒட்டித் தரையில் தேய்த்தபடி விலக வேண்டும். ஊரே இருண்டபின்னும் கிட்டப் போகாதீர்கள்: தொடரில் தானியங்கி மீளமூடி இருந்தால், சில செக்கன்களில் அதே கம்பிக்கு மின்சாரத்தை மீண்டும் அனுப்பிப் பார்க்கும்.