சித்தியின் விரலும் நாளைய இணையத்தளமும்

அன்புள்ள அக்கா,

பொகவந்தலாவையில் ஒரு தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். உயர்தரம் முடித்துவிட்டு ஹட்டனில் இணையத்தள வடிவமைப்புப் படித்துவருகிறேன். நீங்கள் எழுத வருவதற்கு முன் பல வருடம் இதே வேலையில் இருந்தவர் என்பதால் உங்களிடம் கேட்கிறேன். ஒவ்வொரு ஜனவரியிலும் ‘இந்த வருடத்துப் போக்குகள்’ என்று வீடியோக்கள் வருகின்றன. கண்ணாடிப் பொத்தான், முப்பரிமாணப் படம், நகரும் எழுத்து என்று ஒன்றைப் பழகி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. இப்போது ஒரு வரி எழுதிக் கொடுத்தால் செயற்கை நுண்ணறிவே முழுப் பக்கத்தையும் செய்து தந்துவிடுகிறது. அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே அறிய முடியுமா? எதைப் படித்தால் வீணாகாது?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள தம்பி,

அறிய முடியும். அந்த வீடியோக்கள் பார்க்கிற இடத்தில் பார்த்தால்தான் முடியாது. அவை தோற்றத்தைப் பார்க்கின்றன. தோற்றம் போகும், திரும்பி வரும். 2007இல் விண்டோஸ் விஸ்டா கண்ணாடி போன்ற சட்டங்களோடு வந்தது. 2012இல் விண்டோஸ் 8 அதையெல்லாம் துடைத்துவிட்டுத் தட்டையாக்கியது. மறு வருடமே ஆப்பிளும் தட்டைக்கு மாறியது. 2025இல் அதே ஆப்பிள் ‘லிக்விட் கிளாஸ்’ என்று கண்ணாடியைக் கொண்டுவந்திருக்கிறது. இதன் பின்னால் ஓடினால் உங்களுக்கு மூச்சு வாங்குவதுதான் மிச்சம்.

கருவி மாறுகிற இடத்தைப் பாருங்கள். 2007இல் ஐபோன், இணையப் பக்கங்களில் அசையும் படங்களை ஓட்டிய ‘ஃப்ளாஷ்’ மென்பொருள் இல்லாமல் வந்தது. அன்று இணையத்தில் அசைந்தவற்றில் பெரும்பகுதி ஃப்ளாஷ். நானும் இரவிரவாக விழித்திருந்து அதைத்தான் படித்தேன். பற்றரியைத் தின்கிற, விரலுக்காகச் செய்யப்படாத ஒன்று கைத்தொலைபேசியில் நிலைக்காது என்பதை அப்போதே ஊகித்திருக்கலாம். 2020 டிசம்பர் 31உடன் அதன் சொந்த நிறுவனமான அடோபியே அதைக் கைவிட்டது. திரைகள் பல அளவுகளில் பெருகியதால்தான் 2010இல் ஈத்தன் மார்கோட் என்ற வடிவமைப்பாளர், திரையின் அளவுக்கேற்பப் பக்கம் தானே மாறிக்கொள்ளும் ‘ரெஸ்பான்சிவ்’ வடிவமைப்பைப் பற்றி எழுதினார். கறுப்புப் பின்னணிகூட அழகுக்காக மட்டும் வந்ததில்லை. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓலெட் திரையில் கறுப்பான புள்ளி அணைந்தே இருக்கும், பற்றரி மிஞ்சும்.

இனி நம் பக்கம் வருகிறேன். என் சித்தி தலவாக்கலைப் பக்கம் கொழுந்து பறிக்கிறார். போன வருடம் மகனுக்காக ஒரு விண்ணப்பத்தைத் தொலைபேசியில் நிரப்பிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்தேன். லயத்து வீட்டுக்குள் சிக்னல் இல்லாததால் வெளியே வெயிலில் நின்றோம். வெள்ளைப் பின்னணியில் வெளிறிய சாம்பல் நிற எழுத்து. கையால் நிழல் கட்டித்தான் படிக்க முடிந்தது. கொழுந்துக் கறை ஏறி வெடித்துப்போன கட்டைவிரலை மூன்று முறை அழுத்தினால் ஒரு முறை பிடித்தது. கடைசியில் இரண்டு பொத்தான்கள் ஒட்டி ஒட்டி நின்றன. ஒன்றில் ‘சமர்ப்’ என்று மட்டும் தெரிந்தது, மிச்சம் வெட்டுப்பட்டிருந்தது. மற்றதில் ‘இரத்து’. சித்தியின் விரல் இரண்டாவதில் பட்டது. அரை மணி நேரம் நிரப்பியது அத்தனையும் போய்விட்டது. அவர் ஒன்றும் சொல்லாமல் மறுபடி முதல் பெட்டியைத் தொட்டார். அந்தப் பக்கத்தைச் செய்தவர்மீது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

‘சப்மிட்’ ஆங்கிலத்தில் 6 எழுத்து. ‘சமர்ப்பிக்கவும்’ தமிழில் 9 எழுத்து, அகலமோ இரண்டு மடங்குக்கு மேல். ஆங்கிலத்தில் வரைந்து முடித்த பொத்தானுக்குள் மொழிபெயர்ப்பைத் திணித்திருக்கிறார்கள். தமிழில் ஆங்கிலத்தைப்போல் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாது. தலைப்பை எடுத்துக்காட்ட வேறு வழி காண வேண்டும். ‘கி’யின் கொக்கிக்கும் ‘கு’வின் சுழிக்கும் வரிகளுக்கிடையே கூடுதல் இடம் விட வேண்டும். இவற்றைக் கணக்கில் எடுத்துத் தமிழிலேயே வரையத் தொடங்குகிற வடிவமைப்பு இன்னும் சரியாகப் பிறக்கவில்லை. அது பிறக்கும் என்று நம்புகிறேன். உங்கள் கையால் பிறந்தால் மிகவும் மகிழ்வேன்.

சட்டமும் இதே திசையில்தான் நகர்கிறது. மாற்றுத்திறனாளிகளும் தடையின்றிப் பயன்படுத்த வேண்டும் என்கிற ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகல்தன்மைச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறையில் இருக்கிறது. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்று ‘டபிள்யூசிஏஜி’ என்கிற வெப் அணுகல் வழிகாட்டி சொல்கிறது. அதன் 2023ஆம் ஆண்டுப் பதிப்பு, தொடும் இடங்கள் 24க்கு 24 பிக்சலாவது இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தது. சித்திக்கு அதுவும் போதாது. நீங்கள் 48 வையுங்கள்.

அடுத்தது பக்கத்தின் எடை, அதாவது அதைத் திறக்க எவ்வளவு டேட்டா இறங்க வேண்டும் என்பது. 2020, 2021இல் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது சிக்னல் தேடிப் பாறையிலும் மரத்திலும் ஏறிய பிள்ளைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள், ஒருவேளை நீங்களே ஏறியிருப்பீர்கள். கணினியில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் (‘கி’ என்பது ‘க’வும் கொக்கியுமாக இரண்டு குறி). ஒரு மெகாபைட் அளவுள்ள படம் எடுத்துக்கொள்கிற இடத்தில் 3 இலட்சம் குறிகளுக்கு மேல் அனுப்பலாம், ஒரு நாவலே அடங்கும். தொலைபேசிக்கு ரீலோட் போட்டுப் பார்க்கிறவரின் காசில் இறங்குவது அந்தப் படம். முகப்பில் தானாக நழுவும் பெரிய படங்களின் காலம் முடிகிறது என்றே நினைக்கிறேன். தேடுபொறியே விடையைச் சுருக்கித் தரத் தொடங்கியபின் முகப்பு வழியாக வருகிறவர் குறைவார். நேரே உள்பக்கத்தில் வந்து இறங்குவார். உள்பக்கத்தை முதலில் வரையப் பழகுங்கள்.

செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துங்கள், நேரம் மிச்சமாகும். ஏற்கெனவே உள்ள பக்கங்களைப் பார்த்துத்தான் அது பழகியிருக்கிறது. வெயிலில் நின்று நிழல் கட்டிப் படிக்கிற சித்தியை அது பார்த்ததில்லை, நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள்.

முதலில் ஒரு விண்ணப்பப் பக்கம் செய்யுங்கள். பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், இரண்டு பொத்தான்கள் போதும். முழுக்கத் தமிழில் வரையுங்கள். செய்து முடித்ததும் அந்தப் பக்கத்தின் இணைய முகவரியை எனக்கு அனுப்புங்கள். சித்தி கொழுந்து பறிக்க மலைக்குப் போகாத ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கையில் கொடுத்து, எங்கே தடுமாறினார் என்பதை எழுதுகிறேன்.

அன்புடன்,
அக்கா